பாலி ஃபார்மரின் கை

நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு மனிதரின் பெயர் வழிகாட்டிப் பலகையில் வந்து போகும். பெர்த் நகரின் மேற்கே லீடர்வில் பக்கத்தில் தொடங்கி, நார்த்பிரிட்ஜுக்கு அடியில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் சுரங்கமாக ஓடி, ஈஸ்ட் பெர்த்தில் மறுபடி வெளிச்சத்துக்கு வந்து, ஸ்வான் நதியைக் கடந்து பர்ஸ்வுட்டில் முடியும் அந்தச் சாலைக்கு கிரஹாம் ஃபார்மர் ஃப்ரீவே என்று பெயர். 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாலை அது. ஒரு ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லோரையும் போலவே நானும் அந்தப் பெயர் பழைய ஆளுநர் ஒருவருடையதாக இருக்கும், அல்லது ஏதோ ஓர் அமைச்சருடையதாக இருக்கும் என்று எண்ணி, பல ஆண்டுகள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அது ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் என்று எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு முதியவர். என் மகள் ஆறு வயதில் ஆஸ்கிக் வகுப்பில் சேர்ந்திருந்தாள். சிறுவர்களுக்கு ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைச் சொல்லித்தரும் வார இறுதி வகுப்பு அது. வீட்டுக்கு வந்ததும் முட்டை வடிவப் பந்தை இரண்டு கைகளாலும் என்னை நோக்கி வீசினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்திவிட்டு, அது தப்பு என்றார். இந்த ஆட்டத்தில் பந்தை வீசவே கூடாது. ஒன்று உதைக்க வேண்டும், இல்லையென்றால் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லி, அவள் கையிலிருந்த பந்தை வாங்கி இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையை முட்டியாக மடக்கி, கட்டைவிரலை விரல்களுக்கு வெளியே நிறுத்தி, பந்தின் பின்முனையில் ஒரு குத்துக் குத்தினார். அடித்தது போலவே தெரியவில்லை. ஆனால் பந்து தன் அச்சில் சுழன்றபடி வேலியைத் தாண்டி நேராக என் மார்பில் வந்து விழுந்தது. "பாலி செய்தது போல" என்றார். எந்தப் பாலி என்று கேட்டேன். நீ தினமும் அவர் மேல்தானே கார் ஓட்டிக்கொண்டு போகிறாய் என்றார்.

அன்றிலிருந்து இன்றுவரை படித்தும் கேட்டும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துணுக்குகளைப் பார்த்தும் நான் சேர்த்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும். அணிக்குப் பதினெட்டுப் பேர், நீள்வட்ட மைதானம், நான்கு கால் பகுதிகள், இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, நடுக் கம்பத்துக்கும் ஓரத்துக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. ஆஃப்சைடு விதி கிடையாது. ஆகவே எதிராளி எந்தத் திசையிலிருந்தும் வந்து மோதலாம். ஒவ்வொரு கால் பகுதியின் தொடக்கத்திலும், ஒவ்வொரு ஆறு புள்ளிக்குப் பிறகும், நடுவர் பந்தை மைதானத்தின் நடுவில் தரையில் ஓங்கி அடித்து மேலே எழும்பச் செய்வது 2025 வரை வழக்கமாக இருந்தது. இரு அணிகளிலும் உயரமானவர்கள் அதற்காக எதிரெதிரே தாவுவார்கள். இவர்களுக்கு ரக்மேன் என்று பெயர். அவர்கள் காலடியில், குள்ளமாகவும் வேகமாகவும் ஓடி, தட்டிவிடப்பட்ட பந்தைப் பொறுக்குபவர் ரோவர்.

ஃபார்மர் ஒரு ரக்மேன். அவர் காலம் வரை ரக்மேனின் வேலை எளிமையானதாகவே கருதப்பட்டது. தாவ வேண்டும், எதிராளிக்கு முன் பந்தைத் தொட வேண்டும், தன் பக்கத்து ஆட்கள் இருக்கும் திசையில் தோராயமாகத் தட்டிவிட வேண்டும். அதன் பிறகு நடப்பது கீழே இருப்பவர்களின் பாடு. ஹேண்ட்பாலை ஃபார்மர் கண்டுபிடிக்கவில்லை. முட்டியால் குத்திப் பந்தைக் கைமாற்றுவது அவருக்கு வெகு காலம் முன்பே விதிகளில் இருந்தது. ஆனால் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அதை ஒரு தப்பிக்கும் வழியாக மட்டுமே பார்த்தார்கள். எதிராளி கழுத்தைப் பிடித்துவிட்டான், உதைக்க இடமில்லை, பக்கத்தில் யாராவது இருந்தால் அவனிடம் தள்ளிவிடு என்ற அளவில்தான் அதற்கு மதிப்பு. பந்தை நெடுந்தூரம் உதைப்பதே வீரம். ஒரு தாக்குதலை ஹேண்ட்பாலில் தொடங்கலாம் என்பதை, அதுவும் இருபது முப்பது மீட்டர் தள்ளி முழு வேகத்தில் ஓடிவரும் ஒருவனின் கைகளில் அவன் வேகம் குறையாமல் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்பதை, ஆட்டத்துக்கு ஆட்டம் செய்து காட்டியவர் ஃபார்மர். அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். பதக்கங்களை மற்றவர்களும் வாங்கியிருக்கிறார்கள். அடுத்து வந்த எல்லாரும் ஆடும் விதத்தையே மாற்றியவர்கள் எந்த விளையாட்டிலும் மிகக் குறைவு.

கிரஹாம் ஃபார்மர் 1935 மார்ச் 10 அன்று ஃப்ரீமாண்டில் பகுதியில் பிறந்தார். தாய் நூங்கார் இனத்தவர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மண் அவர்களுடையது. மிகச் சிறு வயதிலேயே அவர் பெர்த்துக்கு அருகே குயின்ஸ் பார்க்கில் இருந்த சிஸ்டர் கேட்டின் இல்லத்தில் விடப்பட்டார். அந்த இல்லத்தைப் பற்றி எழுதும்போது கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. கேட் கிளட்டர்பக் என்ற ஆங்கிலிகன் துறவி 1930களில் அதைத் தொடங்கினார். அந்நாளைய மேற்கு ஆஸ்திரேலிய அரசு, பழங்குடித் தாய்மாரின் குழந்தைகளில் நிறம் வெளுத்தவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்கள் மக்களிடமிருந்து விலக்கி, வெள்ளையரோடு கரைந்துபோகும்படி வளர்ப்பது என்ற கொள்கையை வைத்திருந்தது. அக்கொள்கையின் ஒரு கருவியாகவே இந்த இல்லமும் பயன்பட்டது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கே வளர்ந்த பலர் வாழ்நாள் முழுவதும் அந்தக் காயத்தோடு இருந்தார்கள். ஃபார்மரோ அந்த இல்லத்தைக் கசப்போடு பேசியவரல்லர். அங்கே வளர்ந்ததால்தான் தனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்றே அவர் கருதினார். ஒரே கூரையின் கீழ் இந்த இரண்டு அனுபவங்களும் இருந்திருக்கின்றன. அவருடைய நன்றியைக் காட்டி அரசின் கொள்கையை நியாயப்படுத்துவதும் தவறு. கொள்கையைக் காட்டி அவருடைய நன்றியை அறியாமை என்று ஒதுக்குவதும் தவறு என்றே நினைக்கிறேன்.

கிளியைப் போல ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் சிறுவயதிலேயே அவருக்குப் பாலி என்ற பெயர் வந்தது என்பார்கள். வளர்ந்த பிறகு அதிகம் பேசாதவராகவே இருந்தார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சிறுவயதில் வந்த போலியோவால் அவருடைய இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தது. நாட்டின் மிகச் சிறந்த தாவுபவர் என்று பெயர் வாங்கப்போகிறவருக்கு இப்படி ஒரு தொடக்கம்.

1953இல் ஈஸ்ட் பெர்த் அணிக்காக மேற்கு ஆஸ்திரேலிய லீக்கில் முதல் ஆட்டம் ஆடினார். அந்நாளில் நாடு முழுவதற்குமான லீக் என்று ஒன்று இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மெல்பர்னைச் சுற்றிய (பின்னாளில் தேசிய லீக்காக வளர்ந்த) விக்டோரிய லீக், அடிலெய்டின் தெற்கு ஆஸ்திரேலிய லீக், பெர்த்தின் மேற்கு ஆஸ்திரேலிய லீக் என்று ஒவ்வொன்றும் தனித் தனி உலகம். பெர்த்தில் ஒருவன் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும், மெல்பர்னில் ஆடிக் காட்டும் வரை விக்டோரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த அலட்சியத்தை மேற்கு ஆஸ்திரேலியர்கள் இன்றும் மறக்கவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் மெல்பர்ன் என்ற சொல்லைச் சொல்லும் தொனியிலேயே அது தெரியும்.

சிஸ்டர் கேட்டின் இல்லத்திலிருந்து ஈஸ்ட் பெர்த்துக்கு வந்தவர் ஃபார்மர் மட்டுமல்லர். டெட் கில்முரேயும் அங்கே வளர்ந்தவர்தான். திறந்த கையால் பந்தைச் சட்டென்று தட்டிவிடும் ஃபிளிக் பாஸ் என்ற உத்தியில் கில்முரே கைதேர்ந்தவர். 1958இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான சாண்டோவர் பதக்கத்தை வென்றார். அந்த ஃபிளிக் பாஸ் பிற்பாடு தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரே இல்லத்தில் வளர்ந்த இரண்டு பையன்கள் ஒரே அணியில், பந்தைக் கையால் கொடுக்கும் இரண்டு வெவ்வேறு கலைகளில் உச்சத்தை அடைந்தது தற்செயல்தானா என்று அடிக்கடி யோசிக்கிறேன். ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொடுத்து ஆடிய அந்த இல்லத்துப் புல்வெளியைக் கற்பனை செய்துபார்க்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

1956இல் ஜாக் ஷீடி ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக ஈஸ்ட் பெர்த்துக்கு வந்தார். ஃபார்மரின் கைகளில் என்ன இருக்கிறது என்று கண்டுகொண்டு, அதைச் சுற்றி அணியைக் கட்டியவர் அவர். அந்த ஆண்டிலிருந்து 1961 வரை தொடர்ந்து ஆறு முறை ஈஸ்ட் பெர்த் இறுதிப் போட்டிக்குப் போயிற்று. 1956, 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. ஃபார்மர் 1956இலும் 1960இலும் சாண்டோவர் பதக்கம் வாங்கினார். 1957இல் அவரும் ஈஸ்ட் ஃப்ரீமாண்டிலின் ஜாக் கிளார்க்கும் வாக்குகளில் சமமாக நின்றபோது, முதலிடத்து வாக்குகளை எண்ணி கிளார்க்குக்கே பதக்கம் கொடுத்தார்கள். அந்த விதி பின்னர் அநியாயம் என்று கருதப்பட்டு, நாற்பது ஆண்டுகள் கழித்து 1997இல் ஃபார்மருக்கும் அந்த ஆண்டின் பதக்கம் வழங்கப்பட்டது. ஈஸ்ட் பெர்த்தில் ஆடிய ஒன்பது பருவங்களில் ஏழு முறை அவர்தான் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர்.

அவர் எப்படி ஆடினார் என்பதை எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் விளக்கிய விதம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காதது. அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது அவருடைய அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பெர்த் ஓவலுக்குப் போவாராம். மற்ற ரக்மேன்கள் பந்து எழும்பிய பிறகு தாவுவார்கள். பாலி பந்துக்கு முன்னாலேயே தாவிவிடுவார் என்றார். முதலில் கேட்டபோது புரியவில்லை. படத்துணுக்குகளைப் பார்த்த பிறகு புரிந்தது. ஃபார்மர் எதிராளிக்கு ஒரு கணம் முன்பாகக் கிளம்பி, அவன் உடலின் மேல் தன் இடுப்பையும் தொடையையும் பதித்து, அவன் எழும்பும் விசையையே ஏணியாக்கிக்கொண்டு மேலே நின்றுவிடுகிறார். எதிராளி எவ்வளவு பலமாகத் தாவுகிறானோ அவ்வளவுக்கு ஃபார்மர் உயர்கிறார். மேலே போனதும் மற்றவர்களைப் போலப் பந்தை விரல்நுனியால் தட்டிவிட அவசரப்படுவதில்லை. பல நேரங்களில் இரு கைகளாலும் அதைப் பிடித்தே விடுகிறார். கால் தரையைத் தொடுவதற்குள் உடலைத் திருப்பி, எங்கே யார் ஓடுகிறார் என்று பார்த்து, முட்டியால் குத்திப் பந்தை அனுப்பிவிடுகிறார். தாவுவது, பிடிப்பது, திரும்புவது, கொடுப்பது என்று பிறர் நான்காகப் பிரித்துச் செய்யும் வேலை அவரிடம் ஒரே மூச்சாக நடக்கிறது. அவர் உயரம் 191 சென்டிமீட்டர்தான். இன்றைய ரக்மேன்கள் இரண்டு மீட்டரைத் தாண்டி நிற்கிறார்கள். அவர்களில் யாரும் அவரை நினைவூட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்டவரைத் தடுக்க ஒருவர் வழி கண்டார். 1960இல் கடைசி இடத்தில் முடித்த ஸ்வான் டிஸ்ட்ரிக்ட்ஸ் அணிக்கு அடுத்த ஆண்டு ஹேடன் பண்டன் ஜூனியர் பயிற்சியாளராக வந்தார். 1961 இறுதிப் போட்டியில் ஃபார்மரை எதிர்த்துத் தாவி ஜெயிக்க முயல்வதை விட்டுவிட்டு, அவர் தாவவே முடியாதபடி ஓட்டத்தை மறிப்பது என்று திட்டமிட்டார். அன்று ஃபார்மர் தரையிலேயே கட்டிப்போடப்பட்டார். ஸ்வான் டிஸ்ட்ரிக்ட்ஸ் தன் வரலாற்றில் முதல் முறையாகக் கோப்பையை வென்றது. ஈஸ்ட் பெர்த்துக்காக ஃபார்மர் ஆடிய 176 ஆட்டங்களில் அதுவே கடைசி. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போது பதினைந்து வயது. அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் பேச்சை மாற்றிவிட்டார்.

1962இல், 27 வயதில், விக்டோரிய லீக்கின் ஜிலாங் அணிக்குப் போனார். மெல்பர்னுக்குத் தென்மேற்கே கடலோரம் இருக்கும் நகரம் அது. நாடே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய முதல் ஆட்டத்திலேயே முழங்கால் முறுக்கிக்கொண்டு தசைநார் கிழிந்தது. அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை அவர் வெளியே உட்கார்ந்தே கழித்தார். இன்றைக்கு இருப்பது போன்ற முழங்கால் அறுவை சிகிச்சையோ மறுவாழ்வுப் பயிற்சியோ அன்று இல்லை. பலருடைய ஆட்டவாழ்வு அத்துடன் முடிந்திருக்கிறது. ஃபார்மர் திரும்பி வந்தார். ஆனால் பெர்த்தில் பார்த்த அந்தத் தாவல் முழுமையாகத் திரும்பி வரவே இல்லை என்று மேற்கு ஆஸ்திரேலியர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். விக்டோரியர்கள் கொண்டாடிய ஃபார்மர், உண்மையான ஃபார்மரில் ஒரு பங்குதான் என்பது அவர்களின் வாதம். ஊர்ப்பெருமையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அதில் நியாயம் இருப்பதாகவே நான் நம்புகிறேன்.

இங்கேதான் அவருடைய கை அவரைக் காப்பாற்றியது. உயரத்தில் இழந்ததைப் பார்வையிலும் நேரக்கணிப்பிலும் ஈடுசெய்தார். ஜிலாங்கில் கார்கள் விற்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே நிறுத்தியிருந்த கார்களின் சன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, தள்ளி நின்று, திறந்த சன்னல்கள் வழியே பந்தைக் குத்தி அனுப்பிப் பழகுவார் என்பது ஃபுட்டி உலகில் எல்லோரும் சொல்லும் கதை. உதைப்பதற்குப் பயிற்சி செய்த ஆட்டக்காரர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். எல்லோரும் கடைசிப் புகலிடம் என்று நினைத்த ஒன்றுக்கு, யாரும் பார்க்காத மாலை வேளைகளில் இலக்கு வைத்துப் பழகிய ஆட்டக்காரர் என்பதால்தான் அந்தச் சன்னல்கள் என் மனத்தில் நிற்கின்றன.

ஜிலாங்கில் அவருக்கு வாய்த்த துணை பில் காகின். அந்த ஊரிலேயே வளர்ந்த, சிறு உருவமும் வேகமான கால்களும் கொண்ட ரோவர். ஃபார்மர் தாவுவதற்கு முன்பே காகின் ஓடத் தொடங்கிவிடுவார். பந்து எங்கே வரும் என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. தான் எங்கே இருக்கப்போகிறோமோ அங்கே அது வரும் என்று தெரிந்திருந்தது. ஃபார்மரும் காகின் இருக்கும் இடத்துக்குப் பந்தை அனுப்பவில்லை. இரண்டு அடி எடுத்து வைத்த பிறகு அவர் இருக்கப்போகும் இடத்துக்கு அனுப்பினார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடம் தவில்காரருக்கு முன்பே தெரிந்திருப்பது போன்ற உறவு அது. மெல்பர்ன் ரசிகர்கள் அதுவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

1963இல் ஜிலாங் இறுதிப் போட்டிக்குச் சென்றது. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஹாத்தார்ன் அணியை 109க்கு 60 என்ற கணக்கில், 49 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. பயிற்சியாளர் பாப் டேவிஸ். அணித்தலைவர் ஃப்ரெட் வூலர். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஃபார்மர். 1965 முதல் 1967 வரை அவரே அணித்தலைவர். அவர் தலைமையில் கோப்பை கைக்கு வரவில்லை. 1967 இறுதிப் போட்டியில் ரிச்மண்டிடம் ஒன்பது புள்ளியில் தோற்றது ஜிலாங்; அதுவே அந்த அணிக்காக அவர் ஆடிய 101ஆவது, கடைசி ஆட்டம். அதே ஆண்டின் மே மாதத்தில்தான், பழங்குடி மக்களை நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும், அவர்களுக்காகச் சட்டம் இயற்ற மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கவும் ஆஸ்திரேலியர்கள் பொதுவாக்கெடுப்பில் பெருவாரியாக இசைந்தார்கள். நாட்டின் புகழ்பெற்ற கழகம் ஒன்றின் தலைவராக அவர் களத்தில் நின்ற முதல் இரண்டு ஆண்டுகளிலும், அவருடைய தாயின் மக்களை நாட்டின் அதிகாரபூர்வ மக்கள்தொகையில் எண்ணக்கூடாது என்றே அரசியல் சாசனம் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்கும்போது எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கிறது.

பிறகு பெர்த்துக்குத் திரும்பினார். பழைய ஈஸ்ட் பெர்த்துக்கு அல்ல, அதன் பரம எதிரியான வெஸ்ட் பெர்த்துக்கு, ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும். 1969இலும் 1971இலும் வெஸ்ட் பெர்த் கோப்பையை வென்றது. இரண்டு முறையும் இறுதிப் போட்டியில் தோற்றது ஈஸ்ட் பெர்த். இரண்டாவது வெற்றியின்போது அவருக்கு வயது 36. அத்துடன் ஆடுவதை நிறுத்திக்கொண்டார். வெஸ்ட் பெர்த்துக்கு ஆடியவை 79. மூன்று கழகங்களுக்குமாகச் சேர்த்து 356 ஆட்டங்கள். மாநில அணிகளுக்காக ஆடியவை தனி. பின்னாளில் ஜிலாங்குக்கும் ஈஸ்ட் பெர்த்துக்கும் பயிற்சியாளராக இருந்தார். அவற்றில் பெரிய வெற்றி இல்லை; தனக்கு இயல்பாக வந்ததை வராதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு வகைத் திறமை.

ஆனால் அவர் நேரடியாகச் சொல்லிக்கொடுக்காதவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1970 விக்டோரிய இறுதிப் போட்டியில், 121,696 பேர் பார்த்துக்கொண்டிருக்க, பாதி ஆட்டத்தில் கார்ல்டன் அணி காலிங்வுட்டிடம் 44 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் ரான் பராசி இடைவேளையில் தன் ஆட்களிடம் ஹேண்ட்பால் கொடுத்துக்கொண்டே ஓடுங்கள் என்றார். உதைத்துவிட்டு நிற்பதை விட்டுக் கைமாற்றி ஓடத் தொடங்கிய கார்ல்டன் பத்துப் புள்ளியில் வென்றது. இந்த ஆட்டம் நவீன ஃபுட்டியின் பிறப்பு என்று எழுதுவது வழக்கம். அந்தப் பாதி ஆட்டத்துக்கு முன்னால் பதினைந்து ஆண்டுகள் ஃபார்மர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1963க்குப் பிறகு ஜிலாங்குக்கு மறுபடி கோப்பை கிடைக்க 44 ஆண்டுகள் ஆயின. 2007இல் மார்க் தாம்சன் பயிற்சியில் வந்த அந்த அணி, நெருக்கடியான இடங்களில் உதைத்துத் தப்பிக்காமல் கையிலிருந்து கைக்குப் பந்தை வேகமாகக் கடத்திக்கொண்டே முன்னேறும் அணி. இறுதிப் போட்டியில் போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியது. இறுதிப் போட்டி எதிலும் அத்தனை பெரிய வித்தியாசம் இன்றுவரை வந்ததில்லை. அவருக்குப் பின் வறண்டிருந்த அந்தக் கழகம், அவர் விட்டுச்சென்ற வழியிலேயே மீண்டும் நிமிர்ந்தது.

மரியாதைகள் நிறையவே வந்தன. 1971இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.ஈ. பட்டம். 1996இல் லீக் தன் நூற்றாண்டை ஒட்டி நூற்றாண்டின் அணியைத் தேர்ந்தெடுத்தபோது ரக்மேன் இடம் ஃபார்மருக்குத்தான் போயிற்று. கார்ல்டனின் ஜான் நிக்கல்ஸ் அவருடைய நெடுநாள் எதிராளி, தானும் மாபெரும் ரக்மேன். அவரை அந்த அணியில் சேர்க்க, பின்காப்பு மூலையில் இடம் தேட வேண்டியிருந்தது. 2005இல் அறிவிக்கப்பட்ட பழங்குடியினரின் நூற்றாண்டு அணிக்கு ஃபார்மரே தலைவர். 1990களில் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை பழங்குடி மாணவர்களின் படிப்புக்குத் துணைநிற்கிறது. சாலையும் வந்தது. அதன் மேற்கு முனையில் வெஸ்ட் பெர்த்தின் பழைய மைதானமான லீடர்வில் ஓவல். சுரங்கத்தைத் தாண்டினால் வடக்கே ஈஸ்ட் பெர்த்தின் பழைய மைதானமான பெர்த் ஓவல். அவர் ஆடிய இரண்டு வீடுகளுக்கும் நடுவே அவர் பெயர் ஓடுகிறது. வேண்டுமென்றே அப்படி அமைத்தார்களா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சாலைகள் அப்படிப் போடப்படுவதில்லை.

கடைசி ஆண்டுகளில் நினைவாற்றல் அவரை விட்டுப் போயிற்று. மறதி நோய் என்றார்கள். 2019 ஆகஸ்ட் 14 அன்று, 84ஆம் வயதில் காலமானார். மேற்கு ஆஸ்திரேலிய அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. குடும்பத்தினர் அவருடைய மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். சிட்னியில் இருக்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு மூளை வங்கியின் ஆய்வாளர்கள் அதில் சி.டி.ஈ. என்ற சிதைவு நோய் முற்றிய நிலையில் இருந்ததைக் கண்டு, 2020 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடைய நோய் அது. உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய முடியாது; இறந்த பிறகு மூளைத் திசுவைப் பார்த்தே சொல்ல முடியும். இந்த ஆட்டத்தின் முன்னணி வீரர் ஒருவருக்கு அந்த நோய் இருந்ததாக உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல் முறை. அதன் பிறகு மற்றப் பெயர்களும் வந்தன: டேனி ஃப்ராலி, ஷேன் டக், பெண்கள் லீக்கில் ஆடிய ஹெதர் ஆண்டர்சன்.

அந்தச் செய்தி வந்த நாளில் நான் பழைய படத்துணுக்குகளை மறுபடி பார்த்தேன். அதுவரை கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவன், அன்று தலையைப் பார்த்தேன். எதிராளியின் உடலை ஏணியாக்கி அவர் மேலே எழும் ஒவ்வொரு முறையும், இறங்கும் வழியில் யாருடைய முழங்கையோ தோளோ அவர் மேல் படுகிறது. விழுகிறார், எழுந்து ஓடுகிறார், அறிவிப்பாளரின் குரலில் மாற்றமில்லை. அப்படி 356 ஆட்டங்கள். இன்றைக்கு மூளை அதிர்வு ஏற்பட்ட ஆட்டக்காரர் குறைந்தது பன்னிரண்டு நாட்கள் ஆடக்கூடாது என்று லீக்கின் விதி இருக்கிறது. அவர் காலத்தில் ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டால் போதும். அந்த விதி வருவதற்கு அவருடைய மூளையும் ஒரு காரணம் என்று நம்ப விரும்புகிறேன். தன் கையில் இருந்ததை ஆட்டத்துக்குக் கொடுத்தவர், இறந்த பிறகு இதையும் கொடுத்திருக்கிறார். என் மகள் இப்போது பெண்கள் பிரிவில் ஆடுகிறாள், அதுவும் ரக் இடத்தில். அவள் தாவும் ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஆடாதே என்று சொல்லவில்லை; சொல்ல வேண்டுமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன், முடிவு எட்டவில்லை.

போன ஜூன் மாதத்தில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, உன் காரை வாசலில் குறுக்காக நிறுத்து என்றார். நிறுத்தினேன். இரண்டு பக்கத்துச் சன்னல்களையும் இறக்கச் சொன்னார். மகளை அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளி நின்றுகொண்டு, பந்தை இடது உள்ளங்கையில் வைத்தார். எண்பதை நெருங்கும் அவருடைய கை லேசாக நடுங்கியது. முதல் பந்து கார்க் கதவில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது கூரையில் உரசிக்கொண்டு பக்கத்து வீட்டு ரோஜாச் செடிகளுக்குள் போய் விழுந்தது. மகள் ஓடிப்போய் எடுத்துவந்து அவரிடம் கொடுத்து, "விட்டுடுங்க தாத்தா, அப்பா கார் போயிடும்" என்றாள். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டைவிரல் வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மூன்றாவது பந்து சுழன்றபடி ஒரு சன்னலில் நுழைந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் கடந்து, மறு சன்னல் வழியே வெளியே வந்தது. அவள் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இப்போது நான் என்று சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்தே இடது உள்ளங்கையில் பந்தை வைத்தாள்.